வீடு சூடாகவில்லையா? பாய்லர் சூட்டைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் ஓர் அறை குளிர்கிறது என்றால் கை முதலில் போவது, ரேடியேட்டர்களுக்குத் தண்ணீரைச் சுடவைத்து அனுப்பும் பாய்லரின் திருகுக்குத்தான். 60இல் இருப்பதை 75 ஆக்குவோம். அந்த அறை கொஞ்சம் தேறும், மற்ற அறைகள் புழுங்கும், எரிவாயு கூடுதலாகப் போகும். நானும் இரண்டு குளிர்காலத்தை இப்படித்தான் ஓட்டினேன். பின்பக்கத்து ஒரே ஒரு அறைக்காக வீடு முழுக்க ஓடும் தண்ணீரை 75 டிகிரியில் வைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் அந்த அறை ரேடியேட்டரின் ஒரு பக்க வால்வு கால் சுற்றுதான் திறந்திருந்தது. பொருத்தியவர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். ஸ்பேனரால் ஒரு முழுச் சுற்று திறந்தேன். மறுநாள் பாய்லரை 60க்கு இறக்கிய பிறகும் அந்த அறை 20 டிகிரியில் நின்றது.

ரேடியேட்டர் வைத்த வீட்டில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன: வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம், ரேடியேட்டரின் அளவு, அதற்குள் ஓடும் தண்ணீரின் சூடு. முதல் இரண்டையும் மாற்ற ஆளும் பணமும் வேண்டும். மூன்றாவதை விரலால் மாற்றலாம், அதனால்தான் எல்லாக் குறைக்கும் அதையே திருகுகிறோம். எந்த அறை குளிர்கிறது, எந்த மாதிரி நாளில் குளிர்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றில் எதில் குறை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

தொடும் முன் இரண்டு எச்சரிக்கை

பாய்லரின் உறையைக் கழற்றுவது, எரிவாயு வால்வைத் தொடுவது, புகைக்குழாயில் கை வைப்பது எல்லாம் உரிமம் பெற்றவரின் வேலை. பாய்லர் இருக்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். இங்கே நமக்குத் தேவை வெளியே இருக்கும் திருகுகள், ரேடியேட்டர் வால்வுகள், குழாயில் கட்டும் வெப்பமானி இரண்டு, ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

அடுத்தது, உங்களுடையது கண்டென்சிங் பாய்லர்தானா, அதாவது புகையில் இருக்கும் நீராவியின் வெப்பத்தையும் பிடிக்கும் வகையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாய் வடிகாலுக்குப் போகிறதென்றால் அநேகமாக அதுதான். பழைய வார்ப்பிரும்பு பாய்லர், விறகு பாய்லர் போன்றவற்றில் திரும்பி வரும் தண்ணீர் தொடர்ந்து 55 டிகிரிக்குக் கீழே இருக்கக் கூடாது. புகையில் இருக்கும் நீராவி உள்சுவரில் தண்ணீராகி, அமிலமாகச் சேர்ந்து இரும்பை அரித்துவிடும். அந்த வகை பாய்லர் என்றால், சூட்டைக் குறைக்கச் சொல்லும் இடங்களை உங்களுக்கானதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வால்வு, காற்று, ரேடியேட்டர் அளவு பற்றிச் சொல்வதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் மூன்று எண்கள்

முதல் எண் வீட்டின் வெப்ப இழப்பு. சுவர், கூரை, ஜன்னல் என்று டேப் பிடித்து அளந்து கணக்குப் போடலாம். குடியிருக்கும் வீட்டுக்கு அதைவிட நல்ல சாட்சி எரிவாயு மீட்டர். வெயில் அதிகம் இல்லாத ஒரு குளிர்நாளில், இரவும் பகலும் வீட்டை ஒரே சூட்டில் வைத்து, 24 மணி நேர இடைவெளியில் மீட்டரை இரண்டு தடவை குறித்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம் போடுவோம். 11 கன மீட்டர் ஓடியிருக்கிறது. இயற்கை எரிவாயு ஒரு கன மீட்டர் என்பது சுமார் 11 கிலோவாட்-மணி, ஆக 121. குளியல், சமையல் என்று 11ஐக் கழித்தால் 110. பாய்லரின் திறன் 90 சதவீதம் என்று கொண்டால் வீட்டுக்குள் வந்தது 99 கிலோவாட்-மணி. 24ஆல் வகுத்தால் சராசரியாக 4.1 கிலோவாட். அன்று உள்ளே 20 டிகிரி, வெளியே சராசரி 3 டிகிரி, வித்தியாசம் 17. ஆக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் வந்தால் இந்த வீடு சுமார் 240 வாட்டை இழக்கிறது. வெளியே மைனஸ் 3 ஆகும் நாளில் 23 டிகிரிக்கு 5.5 கிலோவாட். வெளியே 10 டிகிரி இருந்தால் 2.4 கிலோவாட்தான். வீட்டில் இருப்பவர்களின் உடல் சூடும், விளக்கு, ஃபிரிட்ஜ் போன்றவற்றின் சூடும் இதில் தானாகவே கழிந்துவிடுவதால், தாளில் போடும் கணக்கைவிட இதை நான் நம்புகிறேன்.

இரண்டாவது எண் ரேடியேட்டர்களின் மொத்தத் திறன். நீளம், உயரம், எத்தனை தகடு, நடுவில் எத்தனை வரிசை மடிப்புத் தகடு என்று குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்தால் வாட் கணக்கு கிடைக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 442இன்படி அந்த எண், தண்ணீர் 75 டிகிரியில் உள்ளே போய் 65இல் வெளியே வரும்போது, 20 டிகிரி அறையில் கிடைக்கும் வெப்பம். அதாவது தண்ணீரின் சராசரிக்கும் அறைக்கும் 50 டிகிரி வித்தியாசம் இருந்தால்தான் அந்த வாட். வித்தியாசம் குறையும்போது வெப்பம் அதைவிட வேகமாகக் குறையும். தகடு ரேடியேட்டர்களுக்குத் தோராயமாக இப்படி:

வித்தியாசம் 50 டிகிரி: முழுத் திறன்
40 டிகிரி: 75 சதவீதம்
30 டிகிரி: 51 சதவீதம்
25 டிகிரி: 41 சதவீதம்
20 டிகிரி: 30 சதவீதம்

நம் உதாரண வீட்டில் எல்லா ரேடியேட்டரும் சேர்ந்து அட்டவணைப்படி 10 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 3 டிகிரி நாளில் தேவை 5.5, அதாவது 55 சதவீதம். அதற்கு சுமார் 32 டிகிரி வித்தியாசம் போதும். அறை 20 என்றால் தண்ணீரின் சராசரி 52, பாய்லரிலிருந்து போவது 57, பாய்லருக்குத் திரும்புவது 47. வெளியே 3 டிகிரி இருக்கும் நாளில் போவது 50 இருந்தால் போதும். 10 டிகிரி நாளில் 40ஐ ஒட்டி. இந்த வீட்டில் பாய்லரை 75இல் வைத்திருக்க எந்த நாளிலும் காரணமே இல்லை.

மூன்றாவது எண்ணைக் குழாயிலிருந்து எடுக்க வேண்டும். பாய்லருக்குக் கீழே போகும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் வெப்பமானியைக் கட்டி, மேலே ஒரு துணியைச் சுற்றி, பாய்லர் எரிய ஆரம்பித்து 20 நிமிடம் கழித்துப் படியுங்கள். துணி சுற்றாமல் படித்தால் சில டிகிரி குறைத்துக் காட்டும். பெயின்ட் அடித்த குழாயாகவோ மங்கிய குழாயாகவோ இருந்தால் அகச்சிவப்பு வெப்பமானியும் சரி. பளபளக்கும் செம்புக் குழாயில் அது தப்பாகத்தான் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, டேப்பின் மேல் பிடித்துப் பாருங்கள்.

கடுங்குளிரில் மட்டும், எல்லா அறையும் குறைகிறது

மற்ற நாளில் 20 வருகிறது, குளிர் உச்சத்துக்குப் போகும் நாளில் எல்லா அறையும் 17, 18இல் நிற்கிறது. தண்ணீரின் சூடு குறைவு என்று சொல்ல இதுதான் சரியான அறிகுறி. 3 டிகிரி கூட்டி, ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். சுவருக்குள் சூடு ஏறுவதற்கு நேரம் வேண்டும், ஒரு மணி நேரத்தில் முடிவு கட்டினால் தப்பாகும்.

ஆனால் கூட்டும் முன் பாய்லரின் திரையைப் பாருங்கள். நீங்கள் வைத்தது 57, உண்மையில் போவது 48, பாய்லர் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது என்றால் திருகை 65க்குத் திருப்பினாலும் 48தான் வரும். பாய்லரின் அதிகபட்ச வெப்பமாக்கல் திறனை யாராவது குறைத்து வைத்திருக்கலாம், அல்லது வீட்டின் இழப்பு பாய்லரின் திறனையே மிஞ்சியிருக்கலாம். முதலாவது அடிக்கடி நடக்கும், அதைச் சரிசெய்யச் சில நிமிடம் போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். அறைச் சூட்டைப் பார்த்துப் பாய்லரை எரியவிட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் சமையலறைக்கு அருகிலோ, ரேடியேட்டருக்கு நேர் எதிரிலோ மாட்டியிருந்தால் அது மட்டும் 20 ஆகிவிட்டது என்று பாய்லரை அணைத்துவிடும். பாய்லர் பாதி நேரம் அணைந்திருக்கும்போது அறைகள் குளிர்கின்றன என்றால் தண்ணீரின் சூட்டில் குறை இல்லை, தெர்மோஸ்டாட் இருக்கும் இடம்தான் குறை.

ஒரே ஓர் அறை மட்டும் குளிர்கிறது

இதற்குப் பாய்லரைத் தொடவே வேண்டாம். அந்த அறை ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். அது நன்றாகச் சூடாக இருக்கும் நேரத்தில், உள்ளங்கையை மேலிருந்து கீழாக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக நகர்த்துங்கள்.

மேலே குளிர்ச்சி, கீழே சூடு என்றால் உள்ளே காற்று. பம்பை நிறுத்தி, மேல் மூலையில் இருக்கும் சின்னத் திருகைச் சாவியால் கால் சுற்று திறந்தால் புஸ்ஸென்று காற்று போகும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். அப்புறம் பாய்லரின் அழுத்தமானியைப் பார்த்து, 1 பாருக்குக் கீழே இறங்கியிருந்தால் தண்ணீர் சேருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இப்படிக் காற்று சேர்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது உள்ளே இரும்பு அரிக்கிறது.

கீழே நடுப்பகுதி குளிர்ச்சி, மேலேயும் இரண்டு ஓரமும் சூடு என்றால் அடியில் கறுப்புச் சேறு படிந்திருக்கிறது. துருதான் அப்படிப் படிகிறது. ரேடியேட்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய் அலச வேண்டும். அலசிய பிறகு துருத் தடுப்பு மருந்தைத் தண்ணீரில் சேர்க்காவிட்டால் மறுபடி படியும்.

போகும் முனை சுடுகிறது, திரும்பும் முனை ஜில்லென்று இருக்கிறது என்றால் தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை. இதுதான் என் பின்பக்க அறையின் கதை. ஒவ்வொரு ரேடியேட்டரிலும் இரண்டு வால்வு இருக்கும். ஒன்று நாம் திருப்புவது. இன்னொன்றின் மேல் வெறும் பிளாஸ்டிக் மூடி இருக்கும், லாக்‌ஷீல்டு என்பார்கள். தண்ணீர் எளிதான வழியில் ஓடும், பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டர்களே முக்கால்வாசியைக் குடித்துவிடும். அவற்றின் லாக்‌ஷீல்டைக் கால் கால் சுற்றாக மூடி, தூரத்தில் இருப்பவற்றை முழுதாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் உள்ளே போகும் குழாய்க்கும் வெளியே வரும் குழாய்க்கும் சுமார் 10 டிகிரி வித்தியாசம் வரும்படி கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு திருப்புக்குப் பிறகும் கால் மணி நேரம் காத்திருங்கள். ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் கொஞ்சம் நகரும், அதனால் வீட்டை இரண்டு மூன்று சுற்று வர வேண்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையே இதில் போகும். போகட்டும், இதைச் செய்யாமல் தண்ணீரின் சூட்டைப் பற்றிப் பேசுவதில் பலனே இல்லை.

ரேடியேட்டர் முழுக்க ஒரே மாதிரி சூடு, 10 டிகிரி வித்தியாசமும் சரி, அப்படியும் அறை குளிர்கிறது என்றால்தான் கணக்குக்கு வர வேண்டும். அந்த அறையின் இழப்புக்கு ரேடியேட்டர் சிறியது.

நம் உதாரண வீட்டின் ஓர் அறையை எடுப்போம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம், மூலையில் இருப்பதால் இரண்டு சுவர் வெளியைப் பார்க்கின்றன. ஜன்னல் 2 சதுர மீட்டர் போக வெளிச்சுவர் 15.5 சதுர மீட்டர். வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் உள்ளீடு எதுவும் இல்லாத செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 2 வாட் விடும், ஆக 31 வாட். பழைய இரட்டைக் கண்ணாடி ஜன்னல் 2.8 வீதம் 5.6 வாட். பஞ்சு போட்ட கூரை 12 சதுர மீட்டருக்கு 0.3 வீதம் 3.6 வாட். அப்புறம் காற்று. அறையின் கொள்ளளவு 30 கன மீட்டர், மணிக்கு ஒரு தடவை காற்று மாறுகிறது என்றால் 0.33ஆல் (ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி ஏற்றப் பிடிக்கும் வாட்-மணி) பெருக்கி 10 வாட். எல்லாம் சேர்த்து டிகிரிக்கு 50 வாட். மைனஸ் 3 டிகிரி நாளில் 23 டிகிரிக்கு 1,150 வாட் வேண்டும்.

அங்கே மாட்டியிருப்பது அட்டவணைப்படி 1,000 வாட் ரேடியேட்டர். அதிலிருந்து 1,150 வாட் வர வேண்டுமானால் வித்தியாசம் 56 டிகிரி, போகும் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல். வீட்டின் மற்ற அறைகளுக்கு 57 போதும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரே அறை முழு வீட்டையும் 80க்கு இழுக்கிறது.

வழி இரண்டு. அதே நீள உயரத்தில், ஒற்றைத் தகடும் ஒரு வரிசை மடிப்பும் உள்ளதை எடுத்துவிட்டு, இரட்டைத் தகடும் இரண்டு வரிசை மடிப்பும் உள்ளதை மாட்டினால் திறன் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகும். சுவரிலிருந்து கொஞ்சம் கூடுதலாகத் துருத்தும், குழாயை நகர்த்த வேண்டிய வேலை பெரும்பாலும் சின்னதுதான். 1,750 வாட் ரேடியேட்டருக்கு 61 டிகிரி போதும். இன்னொரு வழி, அந்த இரண்டு சுவருக்கும் உள்ளீடு போடுவது. சதுர மீட்டருக்கு 2 வாட் என்பது 0.3 ஆனால் அறையின் தேவை 550 வாட்டுக்கு இறங்கும், இருக்கும் 1,000 வாட் ரேடியேட்டரே 56 டிகிரித் தண்ணீரில் அதைக் கொடுத்துவிடும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் ஒரே நேரத்தில் புரளாது என்றால் ரேடியேட்டரை முதலில் மாற்றுங்கள் என்பேன். சுவரில் பூசணம் வருகிறது என்றால் உள்ளீடுதான் முதலில். உள்பக்கமாகப் போடுவதானால் விவரம் தெரிந்தவரை வைத்தே போடுங்கள், இடைவெளி விட்டால் அதற்குப் பின்னால் ஈரம் தங்கும்.

இதைவிடச் சின்னக் காரணங்களும் உண்டு. ரேடியேட்டருக்கு முன்னால் சோபா, மேலே தொங்கி மூடும் திரைச்சீலை, துணி காயப்போடும் பழக்கம். முதலில் அவற்றை விலக்கிப் பாருங்கள்.

குளிர் குறைவான நாளில் வீடு புழுங்குகிறது

ஜன்னலைத் திறந்து வைக்கிறீர்கள், கீழே பாய்லர் எரிகிறது. குளிர் உச்சத்துக்கு என்று வைத்த 57 டிகிரி, 10 டிகிரி நாளிலும் ஓடுகிறது என்று அர்த்தம். 40 போதுமான நாளில் 57 போனால் ரேடியேட்டர் தேவையைவிட இரண்டு மடங்கு வெப்பத்தைக் கொட்டும். தெர்மோஸ்டாட் பாய்லரை நிறுத்தினாலும், குழாயிலும் ரேடியேட்டரிலும் ஏற்கெனவே இருக்கும் சூடு அறையில்தான் இறங்கும்.

கையால் மாற்றுவதென்றால் பருவத்துக்குப் பருவம் திருகை மாற்றலாம். வெளியே ஓர் உணரியை மாட்டி, வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீரின் சூட்டைத் தானே ஏற்றி இறக்கும் வசதி உங்கள் பாய்லருக்கு இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. அதில் இரண்டு திருகு இருக்கும். வெளிக்குளிர் எவ்வளவு என்றால் தண்ணீர் எவ்வளவு சூடு என்பதை வரைந்தால் ஒரு கோடு வரும். ஒன்று அந்தக் கோட்டின் சரிவு, இன்னொன்று கோட்டையே மேலும் கீழும் நகர்த்துவது. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள், அதனால் நாளை வைத்துப் பாருங்கள்:

மிதமான நாளில் சரி, கடுங்குளிரில் போதவில்லை: சரிவைக் கூட்டுங்கள்.
கடுங்குளிரில் சரி, மிதமான நாளில் புழுக்கம்: சரிவைக் கூட்டி, கோட்டைக் கீழே இறக்குங்கள்.
கடுங்குளிரில் சரி, மிதமான நாளில் குளிர்கிறது: சரிவைக் குறைத்து, கோட்டை மேலே நகர்த்துங்கள்.
எல்லா நாளும் ஒரே அளவு குறைவு அல்லது கூடுதல்: சரிவைத் தொடாமல் கோட்டை மட்டும் நகர்த்துங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், தேதியோடு நோட்டில் எழுதுங்கள். வெளிக்குளிர், போகும் சூடு, அறைச் சூடு என்று மூன்று எண்ணை பத்துப் பதினைந்து நாள் எழுதினால் கோடு தானாகவே தெரியும். வெயில் அடிக்கும் மதியத்தில் மட்டும் வீடு குளிர்கிறது என்றால் உணரியின் மேல் வெயில் படுகிறது. வெயில் படாத சுவருக்கு, புகைக்குழாயிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தள்ளி, அதை மாற்ற வேண்டும்.

பாய்லர் எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது

ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். மூன்று நான்கு தடவை என்றால் விட்டுவிடலாம். பத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தடவை பற்றும் முன்னும் பின்னும் மின்விசிறி ஓடி உள்ளிருக்கும் சூட்டைப் புகைக்குழாய் வழியாகத் தள்ளும், பற்றவைக்கும் பாகங்களும் தேயும்.

பெரும்பாலும் காரணம் பாய்லர் வீட்டுக்குப் பெரியதாக இருப்பது. பாய்லர் எவ்வளவுதான் தணிந்து எரிந்தாலும் 6 கிலோவாட்டுக்குக் கீழே வராது, வீட்டுக்கு இன்று வேண்டியது 2.4 கிலோவாட் என்றால் அணைந்து அணைந்து எரிவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. தண்ணீரின் சூட்டைக் குறைத்தால் இது தீராது, சில வீடுகளில் இன்னும் கூடும். குறைந்த சூட்டில் ரேடியேட்டர் வாங்கும் வெப்பமும் குறைவதால் தண்ணீர் சீக்கிரமே எல்லையைத் தொட்டுவிடும். அதற்காக 75க்குத் திரும்பிப் போக வேண்டாம். அறை அறையாக இருக்கும் தெர்மோஸ்டாட் வால்வுகளைத் தாராளமாகத் திறந்து விடுங்கள். பாதி ரேடியேட்டரை மூடிவைத்த வீட்டில் தண்ணீரும் குறைவு, வெப்பம் போக இடமும் குறைவு. அப்புறம் பாய்லரின் அமைப்பில் மறுபற்றலுக்கான காத்திருப்பு நேரமும், வெப்பமாக்கலுக்கான அதிகபட்சத் திறனும் இருக்கும். 5.5 கிலோவாட் வீட்டுக்கு 24 கிலோவாட்டில் எரிய ஆரம்பிக்கும் பாய்லரை 8, 9க்கு இறக்கி வைத்தால் தொடக்கத்தில் வரும் தாவல் அடங்கும். இந்த அமைப்புகள் பராமரிப்பவருக்கான பட்டியலில் இருந்தால் அடுத்த பராமரிப்பின்போது அவரையே மாற்றச் சொல்லுங்கள்.

எரிந்து ஒரு நிமிடத்துக்குள் அணைகிறது, அப்போது போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் கதை வேறு. தண்ணீர் ஓட்டம் போதவில்லை. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் 10 டிகிரி இறங்கினால் 0.7 கிலோவாட் கொண்டுபோகும். 5.5 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓட வேண்டும். பம்பின் வேகம், அடைபட்ட வடிகட்டி, மூடிய வால்வு என்று இந்த வரிசையில் பாருங்கள்.

ரேடியேட்டரைத் தொட்டால் சுடவில்லை

தண்ணீரின் சூட்டைக் குறைத்ததும் வீட்டில் முதலில் எழும் புகார் இது. 45 டிகிரி ரேடியேட்டர் கைக்கு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், பழக்கப்பட்டவர்கள் கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார்கள். அறையின் நடுவில் நெஞ்சு உயரத்தில் வெப்பமானியை வைத்து, 20 காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் எதையும் மாற்ற வேண்டாம். பெரியவர்களுக்கு 20 போதாது என்றால் தெர்மோஸ்டாட்டை 22 ஆக்கி, தண்ணீரையும் இரண்டு மூன்று டிகிரி கூட்டுங்கள், அது நியாயமான தேவை.

எரிவாயு அதிகம் போகிறது, வடிகால் குழாய் காய்ந்திருக்கிறது

கண்டென்சிங் பாய்லர் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. புகையில் இருக்கும் நீராவி மறுபடி தண்ணீராகும்போது விடும் வெப்பத்தைப் பிடிப்பதுதான் அதன் வேலை. இயற்கை எரிவாயுவில் அந்த நீராவி 55 டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் தண்ணீராக ஆரம்பிக்கும், எண்ணெய் பாய்லரில் 47ஐ ஒட்டி. கவனிக்க வேண்டியது திரும்பி வரும் தண்ணீரின் சூட்டை. 75 போய் 65 திரும்பினால் ஒரு சொட்டும் வராது. 50 போய் 40 திரும்பினால் 6 கிலோவாட்டில் எரியும் பாய்லரிலிருந்து மணிக்குச் சுமார் அரை லிட்டர் வடியும். வடிகால் குழாயின் முனையில் ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள், திரையில் காட்டும் எந்த எண்ணைவிடவும் அது தெளிவாகச் சொல்லும். வடிவது லேசான அமிலம், கையில் பட்டால் கழுவிவிடுங்கள்.

போகும் சூடு குறைவாக இருந்தும் திரும்பும் சூடு அதிலிருந்து 2, 3 டிகிரிதான் இறங்குகிறது என்றால் பம்ப் தேவைக்கு மேல் வேகமாகத் தள்ளுகிறது, அல்லது பைபாஸ் வால்வு வழியாகச் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்புகிறது. பம்பை ஒரு படி இறக்குங்கள். மிதமான நாளில் இந்த வித்தியாசம் 5 டிகிரியாகக் குறைவது இயல்புதான்.

காலையில் சூடாக மதியம் ஆகிறது

இரவு முழுக்க அணைத்துவிட்டு, காலை ஆறு மணிக்குப் போட்டு ஏழு மணிக்கு 20 வேண்டும் என்பது 75 டிகிரி காலத்துப் பழக்கம். இழப்புக்குச் சரியாகத் தண்ணீரின் சூட்டை வைத்திருக்கும்போது, ஆறிய வீட்டை ஏற்றுவதற்கான கூடுதல் வெப்பம் கொஞ்சம்தான் இருக்கும், கடுங்குளிரில் அதுவும் இருக்காது. கனமான சுவர் உள்ள வீட்டை ஒரு டிகிரி ஏற்றவே பல கிலோவாட்-மணி பிடிக்கும். இரவில் 2 டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள், காலையில் இரண்டு மணி நேரம் முன்கூட்டியே ஆரம்பிக்கட்டும். உச்சக் குளிர் வாரத்தில் இரவிலும் இறக்காமல் ஓட விடுங்கள்.

தண்ணீர்ச் சூட்டைக் குறைத்ததும் குளிக்கும் தண்ணீர் ஆறிவிட்டது

தொட்டி இல்லாத காம்பி பாய்லரில் குளியலுக்குத் தனித் திருகு இருக்கும், தப்பான திருகைத் தொட்டிருப்பீர்கள். தொட்டி உள்ள வீட்டில் இது சின்ன விஷயமில்லை. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி 20இலிருந்து 45 டிகிரி வரை உள்ள தண்ணீரில் பெருகும், அதனால் தொட்டியில் 60 டிகிரி வேண்டும். 50 டிகிரித் தண்ணீரை அனுப்பி 60 டிகிரித் தொட்டியை ஆக்க முடியாது. தொட்டிக்குத் தனியாகவும் ரேடியேட்டருக்குத் தனியாகவும் சூடு வைக்கும் வசதி உங்கள் பாய்லரில் இருந்தால், தொட்டி நேரத்தில் 70, மற்ற நேரத்தில் 50 என்று வையுங்கள். கட்டுப்பாட்டு வயரிங்கை மாற்றி இந்த வசதியைச் சேர்க்க முடியுமா என்று உங்கள் பாய்லரைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள், பல பாய்லர்களில் முடியும். அது ஆகும் வரை, ஒரே திருகுதான் உள்ளதென்றால், அதை 65க்குக் கீழே இறக்க வேண்டாம்.